டச்சுக்காரரைக் காப்பாற்றியவர்

"பெட்ரோல் இங்கே எதுக்கு? போற வழியில எத்தனையோ பங்க் இருக்கு" என்று கோலின் சொல்லி முடிப்பதற்குள், நோலீன் காரை விட்டு இறங்கிக் குழாயைப் பிடுங்கிச் செருகிவிட்டாள்.

"தே அனாவை விட்டா மில்ஃபோர்ட் வரைக்கும் ஒண்ணும் கிடையாது. நூத்தி இருபது கிலோமீட்டர். நீதானே எப்பவும் சொல்லுவே?"

"நானா?"

"பின்னே, நானா அங்கே வேலை பார்த்தேன்?"

பின்சீட்டிலிருந்து ஒரு பெரிய சிவந்த முகம் எட்டிப் பார்த்தது. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனிலிருந்து வந்திருந்த சம்பந்தி பாரி. மகள் ஷெல்லியைக் கட்டிய பையனின் அப்பா.

"என்ன கோல், நாப்பத்தாறு வருஷத்துல பங்க்கையெல்லாம் பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்களா?"

கோலின் தொப்பியைக் கழற்றி, உள்ளே ஒருமுறை பார்த்துவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டார். "காலம் மாறுது பாரி" என்றார்.

தொப்பிக்குள் என்ன இருந்தது என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால், இந்த மனிதர் எதற்காக இப்படி வியர்த்துக்கொண்டிருந்தார் என்று தெரிந்தால்தான் பாவமாக இருக்கும்.

கோலின் மெக்ராய் பிறந்தது, வளர்ந்தது, கம்பளிக் கிடங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றது எல்லாம் நியூசிலாந்தின் தெற்குக் கோடியில், வின்டன் என்ற சின்ன ஊரில். அங்கிருந்து மூன்றரை மணி நேரம் காரில் போனால் மில்ஃபோர்ட். மலைகள் நேராகக் கடலுக்குள் கால் வைத்து நிற்கும் அந்த இடத்தைப் பார்க்க உலகத்தின் மறுகோடியிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். கோலின் இந்த அறுபத்தெட்டு வயது வரைக்கும் அதைப் பார்த்ததே கிடையாது.

அது ஒன்றும் குற்றமில்லை. பக்கத்திலேயே இருப்பதை எவன் போய்ப் பார்க்கிறான்? குற்றம் என்னவென்றால், தான் அங்கே ஒரு சீசன் முழுக்கப் படகில் வேலை பார்த்ததாக அவர் சொல்லி வைத்திருந்தது. அதையும் போயும் போயும் நோலீனிடம் சொல்லி வைத்திருந்தது.

1979-இல் ஒட்டவ்டவ் ஊர் மன்றத்தில் நடன விருந்து. பச்சை உடுப்புப் போட்ட நோலீனைச் சுற்றி ஐவன் என்றொருவன் வட்டமிட்டுக்கொண்டிருந்தான். ஐவனிடம் புத்தம் புது டிராக்டர் இருந்தது. கோலினிடம் வாய் மட்டும்தான் இருந்தது. முந்தின வாரம்தான் ஆட்டுக்கு மயிர் கத்தரிக்க வந்த கும்பல் ஒரு கதை சொல்லியிருந்தது: மில்ஃபோர்டில் ஒரு குண்டு டச்சுக்காரர் கடல்நாயைப் படம் பிடிக்கிறேன் என்று படகின் விளிம்பில் சாய்ந்து, குப்புறத் தண்ணீரில் விழுந்துவிட்டாராம், படகில் வேலை செய்த யாரோ நீளக் கொக்கியைக் கால்சட்டை வாரில் மாட்டி அவரை அப்படியே மேலே தூக்கினார்களாம்.

கோலின் அந்தக் கதையில் ஒரே ஒரு சின்னத் திருத்தம்தான் செய்தார். 'யாரோ' என்பதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தன்னை வைத்தார்.

நோலீன் கண்கொட்டாமல் கேட்டாள். முடிந்ததும் சிரித்தாள். சிரித்துச் சிரித்துப் புரையேறி, கோலின்தான் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். அதற்கப்புறம் அன்று அவள் டிராக்டர் பக்கம் திரும்பவே இல்லை. ஆறு மாதத்தில் கல்யாணம்.

அந்தக் கதைக்காகத்தான் தன்னைக் கட்டிக்கொண்டாள் என்பது கோலினின் அசைக்க முடியாத நம்பிக்கை. கதை பொய் என்று தெரிந்தால்? நாற்பத்தைந்து வருடக் கல்யாணத்தின் அடிக்கல்லே கழன்று விழுந்துவிடாதா? அதனால் மில்ஃபோர்ட் போகலாம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அவர் ஏதாவது செய்து தப்பித்தார். ஆடு குட்டி போடும் காலம், ரக்பி இறுதிப் போட்டி, கார்புரேட்டர் கோளாறு, சாலையில் பனிச்சரிவு. ஒரு வருடம் வேறு சாக்குக் கிடைக்காமல், எப்போதோ எடுத்திருக்க வேண்டிய குடல்வாலை அந்த வாரமே எடுத்துக்கொண்டார்.

ஒருமுறை அவளிடமும் கேட்டதுண்டு, கல்யாணத்துக்கு முன்னால் நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று. "டீ போட்டுக்கிட்டிருந்தேன்" என்றாள். எங்கே என்று கேட்பதற்குள் அவருக்கு டச்சுக்காரர் ஞாபகம் வந்துவிட்டார்.

இப்போது சம்பந்தி வந்துவிட்டார். ஷெல்லி விமான நிலையத்திலேயே போட்டு உடைத்தாள்: "மாமா, மில்ஃபோர்டுக்கு எங்கப்பாவோட போங்க. அவர் அங்கேயே வேலை பார்த்தவர்." குடல்வால் ஏற்கெனவே போய்விட்டது. எடுப்பதற்கு வேறு உறுப்பு மிச்சமில்லை.

ஆகவே கோலின் நூலகத்தில் மூன்று நாள் உட்கார்ந்து, ஏரி, மலை, அருவி எல்லாவற்றின் பெயரையும் ஒரு தாளில் வரிசையாக எழுதித் தொப்பிக்குள் செருகிக்கொண்டார். கண்புரை அறுவை ஆகி ஒரு மாதம்தான் என்பதால் நோலீன் ஓட்டினாள். வழிகாட்டி முன்சீட்டில் உட்கார்ந்தார்.

"இதோ பாரு கோல்" என்றார் பாரி, கார் தே அனாவை விட்டுக் கிளம்பியதும். "நீ படகுல வேலை பார்த்தது நிஜம்னு இன்னிக்கு எனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னா, அந்த உருட்டுன பந்துக்கு எங்க நாட்டு சார்பா உங்கிட்ட மன்னிப்பு கேக்கறேன்."

அது கிரிக்கெட் விவகாரம். 1981-இல், கடைசிப் பந்தில் நியூசிலாந்துக்காரன் சிக்ஸர் அடித்துச் சமன் செய்துவிடுவானோ என்று பயந்து, ஆஸ்திரேலியாக்காரர்கள் பந்தைத் தரையோடு உருட்டிவிட்டார்கள். அந்த மன்னிப்புக்காக ஒரு தேசமே நாற்பத்து மூன்று வருடமாகக் காத்துக்கொண்டிருக்கிறது.

"எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும்" என்றார் கோலின். அப்படிச் சொன்ன வாயை அவரே கிள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

முதலில் கண்ணாடி ஏரிகள் வந்தன. மலையை அப்படியே தலைகீழாகக் காட்டும் என்று தாளில் இருந்தது. காற்றடித்துக்கொண்டிருந்ததால் தண்ணீரில் சுருக்கம் விழுந்து, ஒரு வாத்து மட்டும்தான் தெரிந்தது.

"கண்ணாடி உடைஞ்சுபோச்சா கோல்?"

"எங்க காலத்துல நல்லாத்தான் இருந்துச்சு."

வழியெல்லாம் மலைகள் வந்தன. எல்லாம் ஒரே மாதிரி செங்குத்தாக, ஒரே மாதிரி தலையில் வெள்ளை அப்பிக்கொண்டு நின்றன. கோலின் ஒவ்வொன்றுக்கும் தொப்பியைக் கழற்றினார். பாரிக்கு அது விசித்திரமாக இருந்தது.

"மலைக்கெல்லாம் மரியாதை பண்றான் பாரேன்."

"படகுக்காரங்க பழக்கம்" என்றாள் நோலீன், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கோலினுக்கு நன்றியில் கண் கலங்கியது. பாவம், எவ்வளவு நம்புகிறாள்!

மலை முடிந்து சுவராக எழும்பிய இடத்தில் ஒரு பொந்து. குகைப்பாதை. அதன் வாயில் சிவப்பு விளக்கு எரிந்தது. இது தாளில் இல்லை.

"மலைக்குள்ள டிராஃபிக் லைட்டா!" என்றார் பாரி.

"அது எங்க காலத்துலேர்ந்தே ரிப்பேர். நீ போ நோலீன்" என்றார் கோலின் கம்பீரமாக.

நோலீன் போகவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து கம்பளிப் பின்னலை எடுத்தாள். இரண்டு வரிசை பின்னி முடிப்பதற்குள் பொந்துக்குள்ளிருந்து, சுவரை இரண்டு பக்கமும் உரசாத குறையாக, ஒரு மாபெரும் பேருந்து வெளியே வந்தது.

"இதுவும் ரிப்பேர் பஸ்ஸா கோல்?"

கோலின் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். மானத்தைக் காப்பாற்ற ஏதாவது செய்தாக வேண்டும். அப்போதுதான் ஒரு கீயா கிளி வந்து கார் முன்பக்கத்தில் உட்கார்ந்தது. ஆலிவ் பச்சை நிறம், கொக்கி மூக்கு, ரௌடிப் பார்வை.

"இதுங்களுக்கெல்லாம் நான் கையாலேயே ஊட்டியிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே கோலின், நோலீன் சுருட்டிக் கொண்டுவந்திருந்த சீஸ் ரோல் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"ஊட்டாதே. போர்டு போட்டிருக்கு பார்" என்றாள் நோலீன்.

"அது வெளியூர்க்காரங்களுக்கு."

கீயா சீஸ் ரோலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்ணாடி துடைப்பானின் ரப்பரைத்தான் பார்த்தது. பிடித்து ஒரே இழு. சேமியா உருவுவது மாதிரி முழு நீளத்துக்கும் உருவிக்கொண்டது. "ஏய், ஏய்!" என்று கோலின் கையை ஆட்டியபோது, அதன் கூட்டாளிக் கிளி பின்னாலிருந்து வந்து அவர் தலையில் இறங்கித் தொப்பியைத் தூக்கிக்கொண்டு பாறை மேல் போய் உட்கார்ந்தது. தாளை வெளியே எடுத்தது. தலையைச் சாய்த்து ஒரு பக்கம் பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது, நான்காகக் கிழித்தது.

"அது என்ன காகிதம்?" என்றார் பாரி.

"மளிகை லிஸ்ட்."

"தொப்பிக்குள்ளயா வச்சுப்பே?"

"மறந்துடக் கூடாதுன்னு தலைக்குப் பக்கத்துல வச்சிருந்தேன்."

குகைக்கு அந்தப் பக்கம் போனதும் மழை. மழை என்றால், யாரோ மேலேயிருந்து வாளி வாளியாகக் கவிழ்ப்பது போன்ற மழை. ரப்பர் இல்லாத துடைப்பான் கண்ணாடியில் கிறீச்சிட்டது. கோலின் பிளாஸ்கில் இருந்த தேநீரை ஜன்னல் வழியாகக் கண்ணாடி மேல் ஊற்றிப் பார்த்தார். இப்போது மழையோடு பாலும் சேர்ந்து ஒன்றுமே தெரியவில்லை. நோலீன் வண்டியை ஓரம் கட்டினாள். "பாரி, காலுறையைக் கழட்டு" என்றாள். ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அணியின் மஞ்சள் காலுறையைத் துடைப்பானுக்கு மாட்டிக் கணுக்கால் பக்கம் ஒரு முடிச்சுப் போட்டாள். அது ஜம்மென்று துடைத்தது.

"நாப்பது வருஷத்துல ஆஸ்திரேலியாவால எங்களுக்குக் கிடைச்ச முதல் உதவி" என்றார் கோலின். அன்று அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

படகுத்துறையில் மழை விடுவதாக இல்லை. "இப்படி ஒரு நாள்லயா கூட்டிட்டு வந்தோம், மன்னிச்சுக்க பாரி" என்று கோலின் சொல்ல, பக்கத்தில் போன படகு ஊழியர் நின்று ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மன்னிப்பா? மழை பெய்ஞ்சாத்தானே அருவி! வெயில் நாள்ல வந்தவங்ககிட்டதான் நாங்க மன்னிப்பு கேப்போம்."

பாரி கோலினைத் திரும்பிப் பார்த்தார்.  அந்தப் பார்வை கோலினை உறுத்தியது.

நோலீன் இரண்டு பேருக்கும் மணல் ஈ கடிக்காமலிருக்கத் தைலம் நீட்டினாள். "எங்களை மாதிரி ஆளுங்களை அது கடிக்காது" என்று கோலின் மறுத்தார். ஐந்து நிமிடத்தில் ஈக்கள் அவரை வெளியூர்க்காரர் என்று கண்டுபிடித்துவிட்டன.

படகு கிளம்பியது. நிஜமாகவே பாறை முழுக்க நூற்றுக்கணக்கில் வெள்ளை நூல்கள் இறங்கிக்கொண்டிருந்தன. கோலின் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். முதல்முறை பார்ப்பவர் முகம் அது. சட்டென்று நினைவு வந்து வாயை மூடிக்கொண்டு, கொட்டாவி விட்டதாகக் காட்டினார்.

"முன்னாடி போகாதே, நனைஞ்சுடுவே" என்றாள் நோலீன்.

"முன்னாடிதான் நல்லாத் தெரியும். வா பாரி."

படகு மூக்கை நேராக ஓர் அருவிக்குள் நுழைத்தது. இரண்டு சம்பந்திகளும் நனைந்த பூனைகள் மாதிரி திரும்பி வந்தபோது, நோலீன் கூரைக்குக் கீழே, ஒரு சொட்டுப் படாத மூலையில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

பாரிக்குப் பொறுமை போய்விட்டது. நேராக மாலுமி அறைக்கே போனார். அங்கே மெரியானா என்ற தாட்டியான பெண் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா கேப்டன், இதோ இந்த மனுஷன் எழுபத்தெட்டுல உங்க படகுல வேலை பார்த்தவர். ஒரு டச்சுக்காரரைக் காப்பாத்தியிருக்கார்."

மெரியானா கண்ணை அகல விரித்தாள். "அந்த டச்சுக்காரர் கதையா? எங்கம்மா சொல்லி நானும் கேட்டிருக்கேன். அது நீங்களா? எந்தப் படகு?"

கோலினின் கண் நான்கு பக்கமும் அலைந்து, சுவரில் தொங்கிய மிதவை வளையத்தில் எழுதியிருந்த படகின் பெயரில் போய் நின்றது. "மோய்ரா மூணு" என்றார் கணீரென்று.

"எழுபத்தெட்டுல மோய்ரா ஒண்ணுதானே இருந்துச்சு?"

"ஆமா... அப்பவே அதுக்கு மூணாவது தடவை பெயின்ட் அடிச்சிருந்தாங்க."

மெரியானா ஒரு கணம் யோசித்தாள். பிறகு மைக்கை எடுத்து அவர் கையில் திணித்தாள். "எல்லாருக்கும் சொல்லுங்க. இவ்வளவு தூரம் வந்திருக்காங்க, மலையை மட்டும் பார்த்தா போதுமா?"

எண்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். கோலின் இருமினார். ஆரம்பித்தார். நாற்பத்தைந்து வருடத்தில் கதை கொஞ்சம் வளர்ந்திருந்தது. டச்சுக்காரர் நூற்று நாற்பது கிலோ ஆகியிருந்தார். கடல் கொந்தளித்தது. கடல்நாய் ஒன்றுக்கு நான்காக இருந்தது, அவற்றில் ஒன்று சுறாவாகவும் இருந்திருக்கலாம்.

"அப்பதான் நான், பூட்ஸைக்கூடக் கழட்டாம, தலைகுப்புறக் குதிச்சேன்!"

"முதல்ல சொன்னப்ப கொக்கின்னு சொன்னே" என்றாள் நோலீன் மூலையிலிருந்து, மெதுவாக.

மைக்கில் அதுவும் கேட்டது. கூட்டம் சிரித்தது.

"கொக்கியோடதான் குதிச்சேன்" என்றார் கோலின்.

கைதட்டல். ஒரு ஜெர்மன்காரி அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டாள். பாரி மட்டும் கையைக் கட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துறை நெருங்கியது. மெரியானா கதவைத் திறந்து கத்தினாள்: "இன்னிக்குக் கயிறு வீசற மரியாதை நம்ம பழைய ஆளுக்குத்தான்!"

யாரோ கோலின் கையில் கட்டுக் கயிற்றைக் கொடுத்தார்கள். மலைப்பாம்பு கனம். கரையில், சம்பளம் நின்று பத்து வருடமாகியும் வேலையை நிறுத்தாத டூகல் என்ற கிழவர், கயிற்றைப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

கோலின் கண்ணை மூடிக்கொண்டு வீசினார்.

கயிறு மேலே போனது. அங்கேயே கொஞ்சம் யோசித்தது. பிறகு திரும்பி வந்து பாரியின் கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மிச்சம் தண்ணீரில் விழுந்தது. படகு கரையை விட்டு விலக ஆரம்பித்தது. மெரியானா மேலேயிருந்து ஏதோ சொன்னாள்; ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் சொல்லக் கூடிய வார்த்தை இல்லை.

நோலீன் காகிதக் கோப்பையைக் கீழே வைத்தாள். கைப்பையைக் கோலினிடம் கொடுத்தாள். பாரியின் கழுத்தை விடுவித்தாள். ஈரக் கயிற்றை இடது கையில் நான்கு வளையமாக அடுக்கி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி வீசினாள். கயிறு அப்படியே பறந்து போய்க் கிழவரின் கையில் இறங்கவில்லை. அவரைத் தாண்டி, படகு கட்டும் இரும்புக் கட்டையின் தலையிலேயே மாலை மாதிரி விழுந்தது.

டூகல் நீட்டிய கையை மடக்க மறந்து அப்படியே நின்றார்.

பாரி கழுத்தைத் தடவிக்கொண்டே கேட்டார்: "நோலீன், இதை எங்கே கத்துக்கிட்டே?"

"வீட்டுல துணி காயப்போடற கயிறுதான். கோலின் கத்துக்குடுத்தது."

பாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமி, கோலினின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பெண்டாட்டிக்கே இப்படிச் சொல்லிக்குடுத்திருக்கேன்னா, நீ சாமானியப்பட்ட ஆளில்லை. உனக்கு வயசாயிடுச்சு, அவ்வளவுதான். உருட்டுன பந்துக்கு... மன்னிச்சுக்க. தப்புதான்."

ஒரு தேசம் காத்திருந்த மன்னிப்பு. அதை வாங்கிக்கொண்டும் கோலினின் முகம் மலரவில்லை. துணிக்கயிறா? அவர் வாழ்நாளில் ஒரு துணி காயப்போட்டதில்லை. அவருக்காக அவள் பொய் சொல்லிவிட்டாள். இந்த வயதில், இத்தனை பேர் முன்னால், அவர் மானத்துக்காக.

பாரி முன்னால் இறங்கிப் போக, கோலின் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். முகமெல்லாம் ஈ கடித்துத் தடித்திருந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நோலீன், உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். நாப்பத்தஞ்சு வருஷமா சொல்லாத ஒண்ணு."

"வீட்டுக்குப் போய்ச் சொல்லு. ஈரத்துல நிக்காதே."

"இல்லை, இப்பவே சொல்லிடறேன். அந்த டச்சுக்காரர்..."

"கோலின்" என்றாள் அவள், அவர் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டே. "அந்தக் கதையை உன்னைவிட நல்லாச் சொல்றவங்க யாருமே கிடையாது. அதைக் கேட்டுதானே நான் சிரிச்சேன். இறங்கு."

கோலின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பலகையில் இறங்கினார். தப்பித்துவிட்டோம் என்று முதல்முறையாக மூச்சு விட்டார்.

கரையில் டூகல் கிழவர் அவர்களை மறித்துக்கொண்டு நின்றார். கோலினைப் பார்க்கவே இல்லை. நோலீனின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். பிறகு, படகில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி ஒரு கூச்சல் போட்டார்:

"அட, மோய்ராவுல டீ போட்டுக்கிட்டிருந்த நோலீன் பொண்ணேதான்! கயிறு விழுந்த அழகுலயே நெனச்சேன். எழுபத்தெட்டுல நீ கொக்கி போட்டுத் தூக்குனியே அந்த டச்சுக்காரரு, அவரு இன்னும் வருஷம் தவறாம உன் பேருக்குத்தான் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்பிக்கிட்டிருக்காரு!"